கொடும்பாளூர் முச்சந்தியும் மேசைமேல் நடக்கும் போரும்

சிறு உருவங்களை மேசைமேல் நிறுத்தி, அளவுநாடாவால் தூரம் அளந்து, பகடை உருட்டி ஒரு பழங்காலப் போரை ஆடிப் பார்க்கும் விளையாட்டு மேலை நாடுகளில் நூறாண்டுக்கு மேலாக இருந்துவருகிறது. சோழர் காலத்தை வைத்து நாமும் இப்படி ஒன்றைச் செய்யலாமே என்ற எண்ணம் நம் இளைஞர்களுக்கு எழுவது இயல்புதான். தாராளமாகச் செய்யலாம். ஆனால் எங்கே தொடங்குவது என்பதில்தான் இடறல் வருகிறது. தஞ்சையிலும் கடாரத்திலும் தொடங்கத் தோன்றும். யானைப்படையும் கப்பற்படையும் கண்முன் வந்து நிற்கும். இந்த விளையாட்டின் இயல்பையும் நம் மண்ணின் சான்றுகளையும் சேர்த்துப் பார்த்தால், தொடங்க வேண்டிய இடம் கொடும்பாளூர் என்றே சொல்லத் தோன்றுகிறது. ஆட வேண்டியது பெரும்போர் அல்ல, ஓரிரவில் நடந்து முடியும் ஆநிரைக் கொள்ளை. ஏன் என்பதைச் சற்று நிதானமாகவே விளக்க வேண்டும்.

முதலில் விளையாட்டைப் பற்றி. இதில் பெரும்பாலும் புழங்கும் உருவங்கள் பாதத்திலிருந்து கண்மட்டம் வரை ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் உயரம் உள்ளவை. ஈயக் கலவையிலோ பிளாஸ்டிக்கிலோ வார்த்திருப்பார்கள். இப்போது முப்பரிமாண அச்சு இயந்திரத்திலும் எடுக்கிறார்கள். ஆடுபவரே அவற்றுக்கு வண்ணம் தீட்டுவார். மேசைமேல் குன்று, ஓடை, வீடு, வேலி எல்லாம் செய்துவைப்பார். சதுரங்கத்தைப்போல் கட்டங்கள் கிடையாது. காலாள் ஒரு முறைக்கு 6 அங்குலம் நடக்கலாம், குதிரை 10 அல்லது 12 அங்குலம் ஓடலாம் என்பதுபோல் விதி இருக்கும். அம்பு எட்டுமா, அடி விழுமா, தோழன் வீழ்ந்ததைக் கண்டவன் நிற்பானா ஓடுவானா என்பதையெல்லாம் பகடை சொல்லும். பகடை என்றதும் சூதாட்டம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். இங்கே பணயம் ஒன்றும் இல்லை. போரில் எவர் கையிலும் இல்லாத தற்செயல்களுக்குப் பகடை ஒரு பிரதிநிதி, அவ்வளவுதான்.

இதன் ஒரு வேர் படைப்பயிற்சியில் இருக்கிறது. பிரஷ்யப் படை அதிகாரிகளுக்காக ரைஸ்விட்ஸ் என்பவர் 1824இல் வெளியிட்ட போர் விளையாட்டு விதிகள் புகழ்பெற்றவை. பொழுதுபோக்காக அதை வீட்டுக்குள் கொண்டுவந்ததில் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸுக்குப் பெரும் பங்குண்டு. அவருடைய ‘லிட்டில் வார்ஸ்’ 1913இல் வந்தது. பெரிய போர் எவ்வளவு மூடத்தனமானது என்பதைச் சிறிய போர் காட்டிக்கொடுக்கும் என்று அந்த நூலிலேயே அவர் வாதிட்டிருக்கிறார். அடுத்த ஆண்டே உலகப்போர் மூண்டது. பிறகு 1962இல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் எழுதிய நூல் இதை ஒரு பரவலான பொழுதுபோக்காக மாற்றியது.

இவ்விளையாட்டில் இரண்டு பெரும் வகைகள் உண்டு. ஒன்றில், ஓர் உருவம் ஐம்பது பேருக்கோ நூறு பேருக்கோ நிகர், ஆடுபவர் படைத்தளபதி. மற்றதில், ஓர் உருவம் ஓர் ஆள்தான். பக்கத்துக்குப் பத்திலிருந்து முப்பது உருவம் போதும். அந்த ஒவ்வோர் ஆளுக்கும் பெயர் உண்டு, ஊர் உண்டு, உறவு உண்டு. இந்த இரண்டாம் வகையான சிறுமோதல் ஆட்டத்துக்கு மிகப் பொருத்தமான களங்களில் ஒன்றாக ஆட்டக்காரர்கள் கருதுவது இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையிலான எல்லைநாடு. அங்கே 13ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கம் வரை வாழ்ந்த கொள்ளைக் குடும்பங்களின் கதை நமக்கும் தெரிய வேண்டியது. கொடும்பாளூர் அடங்கிய நம் கோனாட்டின் கதை அதில் பாதி ஒளிந்திருக்கிறது.

அந்த எல்லைநாட்டில் இரு அரசுகளின் படைகளும் மாறி மாறி மிதித்துப் போயின. விதைத்ததை அறுப்போமா என்பது உழவனுக்கே தெரியாது. அப்படிப்பட்ட நிலத்தில் சொத்து என்றால் நடக்கிற சொத்துதான், அதாவது மாடு. ஆம்ஸ்ட்ராங், எலியட், கிரஹாம், ஸ்காட், கெர், மேக்ஸ்வெல், ஜான்ஸ்டன் போன்ற குடும்பங்கள் இரும்புத் தொப்பியும் தகடு வைத்துத் தைத்த மேற்சட்டையும் அணிந்து, மட்டக்குதிரைகளில் ஏறி, நீண்ட குளிரிரவுகளில் சதுப்பு நிலங்களைக் கடந்து அடுத்தவன் மந்தையை ஓட்டிவந்தன. ஆங்கிலேயன் ஸ்காட்டியனிடம் மட்டும் கொள்ளையடித்தான் என்று எண்ணிவிடக் கூடாது. ஆங்கிலேயன் ஆங்கிலேயனிடமும் அடித்தான். எல்லை தாண்டி மணம் செய்வது உத்தரவில்லாமல் நடந்தால் மரண தண்டனைக்குரிய குற்றம். ஆனாலும் மணங்கள் நடந்துகொண்டே இருந்தன. 1547இல் பிங்கி என்ற இடத்தில் இரு நாடுகளும் பொருதபோது, எல்லைநாட்டு வீரர்கள் எதிரணியில் இருந்த தம்மவரோடு பேசிக்கொண்டிருந்ததையும், அணிக்கு அடையாளமாகத் தைத்த சிலுவைத் துணி காற்றடித்தால் பறந்துவிடும் அளவுக்குத் தளர்வாக இருந்ததையும் உடனிருந்த வில்லியம் பாட்டன் எழுதி வைத்திருக்கிறார்.

ஒழுங்கே இல்லாத நாடா அது? இல்லை, அதற்கென்று ஒரு சட்டமே இருந்தது. எல்லைச் சட்டம் 1249இல் தொகுக்கப்பட்டது. இருபுறமும் மும்மூன்று மண்டலங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல் அதிகாரி. குறித்த நாளில் இருதரப்பும் சமாதானமாகக் கூடி வழக்குத் தீர்க்க வேண்டும். மாட்டைப் பறிகொடுத்தவன் ஆறு நாளுக்குள் ஈட்டிமுனையில் எரியும் புற்கட்டியை ஏந்தி, மோப்பநாயும் கொம்பொலியுமாக எல்லை தாண்டித் துரத்தலாம். அது சட்டப்படி சரி. எதிர்ப்பட்டவர் உதவவும் வேண்டும். 1596இல் அத்தகைய சமாதான நாள் முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த ஸ்காட்லாந்துக் கொள்ளையன் கின்மான்ட் வில்லி ஆம்ஸ்ட்ராங்கை ஆங்கிலத் தரப்பு பிடித்துக் கார்லைல் கோட்டையில் அடைத்தது. அடுத்த மாதமே பக்லூவின் ஸ்காட் ஏறத்தாழ 80 பேருடன் ஓர் இரவில் கோட்டைக்குள் புகுந்து அவனை மீட்டுக்கொண்டு போனார். இந்த 80 பேர் கதையை ஒரு மேசைமேல் அப்படியே ஆடிவிடலாம். 1603இல் இரு மகுடங்களும் ஒரே தலைக்கு வந்தபோது எல்லை என்பதற்கே பொருள் இல்லாமல் போயிற்று. அதோடு எல்லைக் கொள்ளையும் கடுமையாக ஒடுக்கப்பட்டது.

இப்போது நம் பக்கம் வருவோம். திருச்சி மதுரை நெடுஞ்சாலையில் விராலிமலையை அடுத்து, புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது கொடும்பாளூர். இன்று அங்கே போகிறவர்கள் மூவர் கோவிலைப் பார்க்கப் போகிறார்கள். மூன்று தளிகளில் நடுவணதும் தெற்கில் உள்ளதும் நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும்தான். ‘பொன்னியின் செல்வ’னில் வானதியின் ஊர் என்றும், பெரிய வேளார் பூதி விக்கிரமகேசரியின் ஊர் என்றும் படித்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். பூதி விக்கிரமகேசரி கதைக்காகப் படைத்த ஆள் அல்லர். அந்தக் கோயிலைக் கட்டியவரே அவர்தான். நடுத்தளியின் வடமொழிக் கல்வெட்டு, கொடும்பாளூரை ஆண்ட இருக்குவேளிர் குடியின் தலைமுறைகளை வரிசையாகச் சொல்கிறது. விக்கிரமகேசரி காவிரி நீரைப் பல்லவர் படையின் குருதியால் சிவக்கச் செய்தவர், வீரபாண்டியனை வென்றவர் என்றும் அது சொல்கிறது. அவர் காலம் 9ஆம் நூற்றாண்டின் இறுதியா, 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியா என்பதில் அறிஞர்களிடையே நெடுநாள் வழக்கு உண்டு.

ஊரின் இருப்பிடத்தைக் கவனியுங்கள். உறையூரிலிருந்து மதுரைக்குப் போகிறவனுக்குக் கொடும்பாளூர்க் குளக்கரையில் வழி மூன்றாகப் பிரியும் என்று சிலப்பதிகாரத்தில் மாங்காட்டு மறையவன் கோவலனுக்குச் சொல்கிறான். வலப்பக்க வழி வறண்ட நிலத்தினூடே சிறுமலைப் பக்கம் போகும், இடப்பக்க வழி அழகர்மலைப் பக்கம் போகும், நடுவழி ஊர்களையும் காட்டையும் ஊடறுத்துச் செல்லும். சோழநாட்டிலிருந்து பாண்டிநாட்டுக்குப் போகும் படை, வணிகன், திருடன் எவரானாலும் இந்த முச்சந்தியைத் தாண்டியாக வேண்டும். சோழ பாண்டிய நாடுகளுக்கு எல்லை என்று மரபு சொல்லும் தென்வெள்ளாறு இந்தக் கோனாட்டை வடகோனாடு, தென்கோனாடு என்று பிளந்துகொண்டு ஓடுகிறது. எல்லைக்கோடு நாட்டின் ஓரத்தில் அல்ல, அதன் நடுவே போயிற்று.

அதனால்தான் இந்த ஊர் ஓயாமல் மிதிபட்டது. 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் பல்லவரை வென்ற களங்களில் ஒன்றாகக் கொடும்பாளூரை வேள்விக்குடிச் செப்பேடு எண்ணுகிறது. இருக்குவேளிர் இரண்டு பேரரசுகளுக்கும் நடுவில் நின்றவர்கள் என்பதை அவர்கள் பட்டப்பெயர்களே காட்டிவிடுகின்றன. தென்னவன் இளங்கோவேள் என்று பாண்டியன் பெயரைத் தாங்கியவர்களும், செம்பியன் இருக்குவேள் என்று சோழன் பெயரைத் தாங்கியவர்களும் அதே குடியில் இருக்கிறார்கள். மணஉறவும் அப்படித்தான். அக்குடியின் சமராபிராமன் சோழர் குலத்து அனுபமையை மணந்தான். தென்னவன் இளங்கோவேளார் மகள் பூதி ஆதித்தபிடாரி, முதலாம் பராந்தகனின் மகன் அரிகுலகேசரிக்கு வாழ்க்கைப்பட்டு, திருச்சிக்கு அருகே திருச்செந்துறைக் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தாள். சுந்தரசோழன் காலத்தில் கொடும்பாளூர்ச் சிறியவேளார் சோழருக்காக ஈழம் போய் அங்கேயே மாண்டார். ஒரு சிற்றரசுக் குடி தன் பெண்களையும் பிள்ளைகளையும் கொடுத்து எல்லையில் தன் இடத்தைக் காத்துக்கொண்ட வரலாறு இது. வீரம் மட்டும் என்று இதைப் படிக்கக் கூடாது; எவ்வளவு கணக்கும் அச்சமும் இதன் பின்னால் இருந்திருக்க வேண்டும்!

அந்தக் கணக்கையும் அச்சத்தையும் பேரரசுப் போர் விளையாட்டு காட்டாது. ஐந்நூறு உருவங்களை நிறுத்தி, சோழரும் பாண்டியரும் மோதிய வெள்ளூர்ப் போரையோ சேவூர்ப் போரையோ ஆடலாம், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் அந்தப் போர்களில் யார் எங்கே நின்றார்கள், எந்தப் பக்கம் எத்தனை யானை, எப்படி அணி உடைந்தது என்பதற்குச் சான்று நம்மிடம் மிகக் குறைவு. மெய்க்கீர்த்தி வெற்றியைச் சொல்லும், வியூகத்தைச் சொல்லாது. விளையாட்டு செய்பவர் தம் கற்பனையை விதியாக எழுதிவிட்டு அதை வரலாறு என்று விற்க நேரும். ஆநிரைக் கொள்ளைக்கு நிலைமை வேறு. அதன் படிநிலைகளைத் தமிழ் இலக்கணமே எழுதி வைத்திருக்கிறது.

ஆநிரை கவர்தலைச் சொல்லும் தொல்காப்பியத்தின் வெட்சித்திணைத் துறைகளை மனப்பாடப் பகுதியாக மட்டும் படித்தவர்கள் ஒருமுறை ஆட்டக்காரரின் கண்ணோடு படிக்க வேண்டும். படை கிளம்பும் ஓசை முதலில். பக்கத்துச் சிற்றூரில் நின்று நற்சொல் கேட்பது விரிச்சி. பிறகு பகைவரின் ஒற்றர் அறியாமல் போவது. தம் ஒற்றர் சென்று வேவு பார்த்து வருவது வேய். அந்தச் செய்தியைக் கொண்டு ஊரை வளைத்துத் தங்குவது புறத்திறை. எதிர்த்தவரை அழிப்பது ஊர்கொலை. மந்தையைக் கைப்பற்றுவது ஆகோள். துரத்தி வருபவரைத் தடுத்து நிறுத்துவது பூசன்மாற்று. மாடுகளுக்குத் துன்பம் நேராமல் ஓட்டி வருவது நோயின்று உய்த்தல். அதன்பிறகும் கதை முடியவில்லை. ஊரார் எதிர்பார்த்துக் காத்திருக்க வந்து சேர்வது, மந்தையைக் கொண்டுவந்து நிறுத்துவது, பங்கிடுவது, உண்டு மகிழ்வது, இல்லாதவர்க்குக் கொடுப்பது என்று பதினான்கு துறைகள் போகின்றன. எல்லைநாட்டு விளையாட்டுக்கு விதி எழுதும் பிரித்தானிய ஆட்டக்காரருக்கு இப்படி ஒரு பட்டியல் கிடைத்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார். கிளம்புதல், வேவு, கைப்பற்றல், பின்வாங்கல், பங்கீடு என்று ஆட்டத்தின் கட்டங்கள் வரிசையாகக் கிடைக்கின்றன. மீட்கப் போகிறவர்களின் செயல்களைத் தொல்காப்பியம் இதே திணைக்குள் கரந்தை என்று சொல்லும். பிற்காலப் புறப்பொருள் வெண்பாமாலை அதைத் தனித் திணையாகவே வைத்தது. ஆக எதிர்ப்பக்க ஆட்டக்காரரின் கட்டங்களும் தயார்.

நடுகற்கள் இதற்கு அடுத்த சான்று. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி எழுத்துக் கல் ஒன்று, கூடலூர் ஆகோளில் இறந்தவனுக்கு எடுத்தது. செங்கம் பகுதிக் கற்களில் மந்தையைக் கவரப் போய் மாண்டவனும் இருக்கிறான், மீட்கப் போய் மாண்டவனும் இருக்கிறான், இருவருக்கும் கல். அவர்கள் கையில் வில்லும் குறுவாளும் கேடயமும் இருக்கும். பெரும்பாலும் தரையில் நிற்கிறார்கள். அதே பகுதியில் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்றில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. கள்வர் இருவரைக் கடித்த அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். ஸ்காட்லாந்து எல்லையின் மோப்பநாய்களை நினைத்துக்கொள்ளுங்கள். நம் மேசையிலும் பெயருள்ள ஒரு நாய் உருவம் கட்டாயம் இருக்க வேண்டும். அதன் குரைப்புதான் ஊரை எழுப்பும் விதியாக அமையும்.

கொள்ளை ஒரு பக்கம் என்றால் காவல் மறுபக்கம். எல்லைநாட்டுக் குடும்பங்கள் கொள்ளையிடாமல் இருப்பதற்கே உழவர்களிடம் ஆண்டுக்காண்டு பணம் வாங்கின. தமிழ்நாட்டின் தென்பகுதிகளில் காவல் கூலி இருந்தது. களவுபோன மாட்டைத் துப்பறிந்து மீட்டுத் தருவதற்குத் துப்புக்கூலி இருந்தது. புதுக்கோட்டைச் சீமையின் இடைக்காலக் கல்வெட்டுகளில் ஊரார் பாடிகாவல் என்ற ஊர்க்காவல் உரிமையைப் படைத்தலைவர்களுக்கு விற்பதையும், காப்பவர் ஆசிரியப் பிரமாணம் என்ற காவல் உறுதி ஆவணம் எழுதிக் கொடுப்பதையும் காணலாம். அவற்றில் ஒன்று என்னைப் பெரிதும் உலுக்கியது. படைப்பற்று எனப்படும் படைக்குடியிருப்புகள் இரண்டைச் சேர்ந்தவர்கள் தமக்குள் சண்டை நடந்தாலும் ஊர்களையும் குடிகளையும் அழிக்க மாட்டோம் என்று உறுதி எழுதிக்கொள்கிறார்கள். அழிவு செய்தவன் தனி ஆள் என்றால் 100 பணம், ஓர் ஊராக இருந்தால் 500 பணம் தண்டம். தண்டம் கட்டிய பிறகும் தம் சண்டையைத் தொடர்வார்களாம். போரை அவர்களால் நிறுத்த முடியவில்லை. உழுகிறவனை அதற்கு வெளியே நிறுத்தவாவது முயன்றிருக்கிறார்கள். ஆங்கில ஸ்காட்டிஷ் எல்லைச் சட்டத்தைப் பற்றி எத்தனையோ நூல்கள் வந்துவிட்டன. இந்தக் கல்வெட்டு நம் பள்ளிப் பாடநூல் எதிலும் என் கண்ணில் பட்டதில்லை.

இவ்வளவையும் வைத்து ஆட்டம் எப்படி அமையும்? நான்கடிக்கு நான்கடி மேசை போதும். செம்மண் நிறத்தில் தரை, ஒரு பக்கம் நீண்ட கண்மாயும் அதன் கரையும், ஆங்காங்கே பாறைக் குன்று, பனை, முள்வேலி, நடுவே பிரியும் மூன்று வழிகள். வெட்சிப் பக்கத்துக்குப் பன்னிரண்டு ஆள். கரந்தைப் பக்கத்துக்குத் தொடக்கத்தில் நான்கு காவலரும் நாயும் மட்டும். கூக்குரல் எழுந்தபின் முறைக்கு முறை ஊரிலிருந்து ஆள் சேரும். இருபக்கமும் சமமாக இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். மூன்று புலிக்கும் பதினைந்து ஆட்டுக்கும் நடக்கும் ஆடுபுலி ஆட்டத்தைப் பாறைகளிலும் கோயில் தளக்கற்களிலும் கட்டம் கீறி ஆடியவர்கள் நாம். சமமில்லாதவர் மோதலை ஆட்டமாக்குவது நமக்குப் புதிதல்ல.

வெற்றி எதில் என்பதுதான் இதன் உயிர். எத்தனை பேரைக் கொன்றாய் என்று கணக்கிடக் கூடாது. மேசையின் உன் விளிம்புக்கு எத்தனை மாடு வந்து சேர்ந்தது என்பதே கணக்கு. மாடு ஆட்டக்காரரின் சொற்படி நடக்காது; அது எந்தப் பக்கம் மிரளும் என்பதைப் பகடை சொல்லும். அடிபட்ட மாட்டுக்கு மதிப்பெண் பாதி, நோயின்று உய்த்தல் என்ற துறையை அப்படித்தான் மதிக்க முடியும். இரவு என்பதால் கண் எட்டும் தூரம் குறுகும். ஆளைக் கொன்றால் அடுத்த ஆட்டத்தில் அவன் உறவினர் கூடுதலாக வருவார்கள். ஸ்காட்லாந்து எல்லையில் மேக்ஸ்வெல், ஜான்ஸ்டன் குடும்பங்களின் பழிப்பகை தலைமுறைகளாக ஓடி, 1593இல் டிரைஃப் மணற்பரப்பில் பெரும் கொலைக்களமாக வெடித்தது. பயிரை மிதித்தால், வீட்டைக் கொளுத்தினால் தண்டம் கட்ட வேண்டும். அந்தக் கல்வெட்டின் 100 பணத்தையும் 500 பணத்தையும் அப்படியே விதியாக எழுதிவிடலாம். குதிரை வேண்டுமா என்றால், வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. ஸ்காட்லாந்து எல்லையில் மட்டக்குதிரை இல்லாமல் கொள்ளை இல்லை. இங்கே நல்ல குதிரை கடல்கடந்து வந்த விலையுயர்ந்த பொருள், நடுகல் வீரர்களில் பெரும்பாலோர் காலாட்கள். பிரித்தானியருடைய ஆட்டத்தை வாங்கி உருவங்களுக்கு வேட்டி கட்டிவிட்டால் நம் ஆட்டம் ஆகிவிடாது.

இப்படி ஒவ்வொரு விதியும் ஒரு வரலாற்றுக் கூற்று. குதிரை இல்லை என்றால் ஏன் இல்லை என்று எவரும் கேட்கலாம், எதிர்ச்சான்று காட்டலாம், விதியைத் திருத்தலாம். வாசிப்பில் நழுவிப் போகிற கேள்விகள் ஆடும்போது நழுவ முடியாது. மந்தையை எந்த வழியில் ஓட்டுவது என்று முடிவெடுக்கும் மாணவன், அந்த முச்சந்திக்காக ஏன் மூன்று நூற்றாண்டுகள் அரசுகள் மோதின என்பதைத் தானாகவே கேட்பான்.

உருவங்களுக்கு வெளிநாட்டை எதிர்பார்க்க வேண்டியதில்லை. மதுரைக்கு அருகே விளாச்சேரியில் கொலு பொம்மை செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. கொலுப்படிக்குப் பக்கத்தில் கடுகும் கேழ்வரகும் முளைக்க வைத்துப் பூங்காவும் குளமும் ஊரும் அமைக்கும் கைப்பழக்கம் வீடுதோறும் இருந்தது. அதே கைகளால் கோனாட்டு ஊர் ஒன்றை மேசைமேல் எழுப்ப முடியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். பிரித்தானிய ஆட்டங்களில் குடும்பப் பெயர்களை அப்படியே அட்டைகளில் அச்சிடுகிறார்கள். அங்கே அது யாரையும் புண்படுத்துவதில்லை. நிலவில் நடந்த நீல் ஆம்ஸ்ட்ராங்கே 1972இல் தம் முன்னோர் ஊரான லாங்ஹோமுக்குப் போய்ச் சிறப்புக் குடியுரிமை பெற்றுக்கொண்டார். நம் நிலைமை அதுவல்ல. 1871இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின் பெயரால், காவலும் வீரமும் மரபாக இருந்த சமூகங்களை ஆங்கில அரசு பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்தியது. அதை எதிர்த்துத்தான் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் மக்கள் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்கள். அந்தக் காயம் ஆறிவிட்டது என்று எவரும் சொல்ல முடியாது. ஆகவே ஆட்டத்தில் சாதிப் பெயர் எதுவும் வரக் கூடாது. தேவையும் இல்லை. கல்வெட்டுகள் ஊர்ப்பெயரையும் நாட்டுப்பெயரையும் படைப்பற்றுப் பெயரையும் தாராளமாகத் தருகின்றன. உறத்தூர்க் கூற்றத்தார் ஒருபுறம், கானாட்டார் மறுபுறம் என்று ஆடட்டும். இரு தரப்பையும் மாறி மாறி ஆட வேண்டும் என்பதையும் விதியாகவே வைக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் மந்தையைக் கவர்ந்தவர் அடுத்த ஆட்டத்தில் அதை மீட்கட்டும்.

வன்முறையைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதா என்று கேட்பவர்களுக்கு இதே ஊரிலிருந்து இன்னொரு கதை. அறுபத்துமூவரில் ஒருவரான இடங்கழி நாயனார் கொடும்பாளூரை ஆண்டவர். அடியாருக்கு அமுது படைக்க நெல் இல்லாத ஒருவர் இரவில் அரண்மனைக் களஞ்சியத்தில் புகுந்து திருடிப் பிடிபடுகிறார். காரணத்தைக் கேட்ட அரசர் அவரைத் தண்டிக்காமல், களஞ்சியத்தையே திறந்துவிட்டு அடியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று பறையறைவிக்கிறார். சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடிய இந்த நிகழ்வை ஆட்டத்தின் தனிக் காட்சியாக அமைக்கலாம். பிடிபட்டவனை என்ன செய்வது என்று தலைவன் முடிவெடுக்க வேண்டிய இடம் அது. வாள் எடுக்காமல் வெல்லும் வழி ஒன்று ஆட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள கல்லூரி வரலாற்றுத் துறைகளிடமும் பள்ளித் தொன்மை மன்றங்களிடமும் ஒரு வேண்டுகோள். 1910இல் தொடங்கிய திருக்கோகர்ணம் அருங்காட்சியகம் உங்கள் ஊரில் இருக்கிறது. சமஸ்தானக் கல்வெட்டுகள் 1929இலேயே அச்சாகிவிட்டன. மூவர் கோவிலுக்குப் பேருந்து போகிறது. மாணவர்களை அழைத்துக்கொண்டு போங்கள். நிலத்தைக் காட்டி, கல்வெட்டைப் படிக்க வைத்து, விதிகளை அவர்களையே தமிழில் எழுதச் சொல்லுங்கள். இந்த ஆண்டிலேயே ஒரு பள்ளி தொடங்கட்டும்.